மார்கிட்டிடம் செத்துக்கொண்டே இருப்பது ஏன்: விரலா, கீபோர்டா, ஆட்டமா?

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிற வேலையில் இருப்பதால் எனக்கு வரும் கம்ப்ளெயின்ட்டுகளில் ஒரு வகை தனியாகத் தெரியும். சிஸ்டம் ஆன் ஆகவில்லை, நெட் வரவில்லை என்பதெல்லாம் சாதாரணம். "அண்ணே, ஸ்பேஸை அழுத்துகேன், அவன் உருள மாட்டேங்கான், கீபோர்டு போச்சுன்னு நினைக்கேன்" என்று ஒரு பையன் போன் செய்தால், அவன் எல்டன் ரிங் என்ற வாள்சண்டை ஆட்டத்தை வாங்கியிருக்கிறான் என்று அர்த்தம். பெரும்பாலும் கீபோர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சில நேரம் உண்மையிலேயே கீபோர்டுதான் காரணம், சில நேரம் டிவி, சில நேரம் ஆட்டத்தைச் செய்தவர்களே கன்ட்ரோலைச் சொதப்பி வைத்திருப்பார்கள். எது எதனால் என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் சேர்த்து "நமக்கு இது வராது, சவத்த விடு" என்று அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆட்டம், மார்கிட் என்ற முதல் பெரிய பாஸ் (தலைவன் மாதிரி வரும் பலசாலி எதிரி) வரைக்கும்கூடப் போகாமல் கிடக்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த மாதிரி மாயாஜால ரோல் பிளேயிங் ஆட்டங்களில் விரல் வேகம் ரொம்பக் குறைவாகவே தேவைப்படுகிறது. அழுத்திய பட்டன் எந்த நேரத்தில் கணக்கில் வருகிறது என்பதுதான் முழு விஷயமும். அந்த நேரம் பல இடங்களில் தள்ளிப்போகிறது. கொஞ்சம் ஆட்டம் வேண்டுமென்றே தள்ளுகிறது, கொஞ்சம் உங்கள் பழக்கம் தள்ளுகிறது, மீதியை மேசைமேல் இருக்கிற சாமான்கள் தள்ளுகின்றன.

முதலில் பழக்கம். நம்ம பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் போனில் ஆடி வளர்ந்தவர்கள். பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பாக பிஜிஎம்ஐ வந்தது, 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போனது. அதே பிப்ரவரி 25-ஆம் தேதி எல்டன் ரிங் வெளியானது. இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனால் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்து முழித்தவர்களை எனக்குத் தெரியும். துப்பாக்கி ஆட்டத்தில் விரல் பட்டதும் குண்டு போய்விடும். ஓடிக்கொண்டே திரும்பலாம், திரும்பிக்கொண்டே சுடலாம், மனசு மாறினால் பாதியில் விட்டுவிடலாம். எல்டன் ரிங்கில் அடிக்கச் சொல்லி அழுத்தினால் அந்த வீரன் வாளை ஓங்க வேண்டும், வீச வேண்டும், வீசிய வாளை இழுத்துக்கொண்டு நிமிர வேண்டும். இது ஏறக்குறைய முடிகிறவரை நீங்கள் வேறு என்ன அழுத்தினாலும் அவன் உடனே செய்யமாட்டான். பெரிய இரட்டைக்கை வாள் என்றால் ஓங்குவதற்கே ஒரு யுகம் ஆகும், அதற்குள் எதிரி இரண்டு அடி வைத்துவிடுவான்.

இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. ஃப்ரம்சாஃப்ட்வேர் என்ற ஜப்பானியக் கம்பெனி 1994-இல் கிங்ஸ் ஃபீல்டு செய்த காலத்திலிருந்தே இப்படி நிதானமாக வாள் வீசுகிற ஆட்டங்களைச் செய்துவருகிறது. ஹிடேடகா மியாசாகி இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ் 2009-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது, டார்க் சோல்ஸ் 2011-இல் வந்தது, அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் எல்டன் ரிங். இதில் ஓங்கிய கையைப் பாதியில் இறக்க முடியாது என்பதே விதி. அதோடு பச்சைக் கோடு ஒன்று திரையில் ஓடுமே, அதுதான் ஸ்டாமினா: அடிக்கவும், உருளவும், சண்டையில் ஓடவும், கேடயத்தில் அடி தாங்கவும் எல்லாம் அந்த ஒரே கோட்டிலிருந்துதான் செலவு. புதிதாக ஆடுகிறவர் என்ன செய்வார், எதிரி அருகில் வந்ததும் அடி அடி அடி என்று கோடு காலியாகிறவரை தட்டித் தீர்த்துவிட்டு, பிறகு உருள அழுத்துவார். உருளாது. கீபோர்டு போச்சு என்று எனக்குப் போன் வரும்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது, எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். கன்ட்ரோலரில் வட்டப் பட்டனை (எக்ஸ்பாக்ஸ் வகையில் பி) ஒரு தட்டுத் தட்டினால் உருளும், அழுத்திப் பிடித்தால் ஓடும். கீபோர்டில் ஸ்பேஸுக்கும் அப்படித்தான், ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. நீங்கள் அழுத்தும்போது இது தட்டலா பிடித்தலா என்று ஆட்டத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. விரலை எடுக்கிறவரை அது காத்திருக்கிறது. அதாவது நீங்கள் அழுத்தும்போது அவன் உருளுவதில்லை, விடும்போதுதான் உருளுகிறான். பதற்றத்தில் என்ன ஆகும்? பட்டனைக் கெட்டியாக அழுத்துவோம், கொஞ்சம் அதிக நேரம் அழுத்துவோம். அடி வருகிற வேகத்தில் அந்தக் கொஞ்ச நேரம் போதும், மண்டையில் இறங்கிவிடும். பயப்படுகிறவனுக்கு மெதுவாக உருளுகிற ஆட்டம் இது, அதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று எனக்குச் சந்தேகமே உண்டு. ஆளே இல்லாத இடத்தில் நின்று சும்மா தட்டிப் பாருங்கள். ஒருமுறை நீளமாக, ஒருமுறை சுண்டிவிடுகிற மாதிரி. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, ஆட்டம் உங்கள் பட்டனை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு அசைவு முடிவதற்குள் நீங்கள் அடுத்ததை அழுத்தினால், அதை எடுத்து வைத்துக்கொண்டு முந்தையது முடிந்ததும் நடத்தும். தெரிந்து பயன்படுத்தினால் நல்ல வசதி. தெரியாதவருக்குத் தூக்குக்கயிறு. காயம்பட்டுக் கிடக்கும்போது மருந்துக் குடுவையை இரண்டு தடவை தட்டுகிறீர்கள், ஒரு தடவை குடித்து முடிக்கிறான், நீங்கள் தப்பி உருள நினைக்கிறீர்கள், அவனோ நின்ற இடத்தில் நின்று இரண்டாவது மடக்கு குடிக்கிறான். அடி விழுந்து செத்த பிறகு "நான் உருளத்தானே சொன்னேன்" என்போம். சொன்னோம், ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்லி வைத்திருந்தோம். ஒரு வேலைக்கு ஒரு தட்டு. இதை மட்டும் பழகினாலே பாதிச் சாவு குறையும், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி மார்கிட். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகிற பாலத்தில் நிற்கிற கொம்பு முளைத்த கிழவன், பெரும்பாலானோருக்கு முதல் சுவர். அவனுடைய அடியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஆட்டத்தைச் செய்தவர்களின் குசும்பு முழுசாகப் புரியும். கையிலிருக்கும் கோலை மேலே தூக்குவான். தூக்கியதும் நமக்கு உருளத் தோன்றும், உருளுவோம். அவன் இறக்கமாட்டான். தூக்கிய கோலை அப்படியே பிடித்துக்கொண்டு, நாம் உருண்டு முடித்து எழுந்து நிற்கிறவரை காத்திருந்து, பிறகு ஒரே இறக்கு. கண்ணில் பட்டதற்கு விரல் அசைய மனுஷனுக்கு ஏறக்குறைய கால் வினாடி ஆகும், அது நல்ல வேகம்தான், சிக்கல் அதில் இல்லை. தூக்குகிறதைப் பார்த்து உருளுகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே அந்த அடியைச் செய்திருக்கிறார்கள். கோல் கீழே வரத் தொடங்குகிறதே, அதைப் பார்த்து உருள வேண்டும். தூரமாக ஓடிப்போய் மருந்து குடிக்கலாம் என்றாலும் அங்கேயிருந்தே ஒளியாலான குறுங்கத்தியை வீசிவிடுவான். உயிர் குறைந்ததும் ஒளியால் ஒரு சுத்தியல் செய்துகொண்டு வந்து இதே வேலையை இன்னும் பெரிதாகச் செய்வான்.

நம்ம மாவட்டத்தில் அடிமுறையும் சிலம்பமும் பழகியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஆசான் முதலில் சுவடுதான் சொல்லிக்கொடுப்பார், கால் எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்பது உடம்பில் ஊறிய பிறகுதான் கைக்கு வேலை. மார்கிட்டிடம் போகிற பையன் கைவேலையோடு தொடங்குகிறான். சண்டைக்குப் போய் ஒரு அடிகூட அடிக்காமல், அவன் வீசுகிறதை எல்லாம் தப்புவது மட்டும் என்று சும்மா சுற்றிச் சுற்றி வந்து பாருங்கள். எந்த அடி முடிந்த பிறகு அவன் கொஞ்சம் தடுமாறி நிற்கிறான் என்று தெரிய ஆரம்பிக்கும். அங்கே ஒரு அடி. ஆசைப்பட்டு இரண்டாவது வேண்டாம்.

எந்தப் பக்கம் உருளுவது என்பதிலும் நமக்கு இயல்பாக வருவது தப்பு. அடி வந்தால் பின்னால் போகத்தான் தோன்றும். ஆனால் உருளும்போது ஒரு சின்ன இடைவெளியில், அரை வினாடிக்கும் குறைவுதான், உங்கள்மேல் எது பட்டாலும் பட்டதாகக் கணக்கில்லை. பின்னால் உருண்டால் வாளின் நுனியோடு கூடவே போகிறீர்கள், அந்த இடைவெளி முடிந்த பிறகும் வாள் உங்கள் மேல் இருக்கிறது. வாளை நோக்கியோ எதிரியின் பக்கவாட்டிலோ உருண்டால் அது சட்டென்று கடந்துபோய்விடும், நீங்களும் அவன் முதுகுப் பக்கம் வந்துவிடுவீர்கள்.

இதில் எடையும் சேர்கிறது. கிடைத்த கவசத்தையெல்லாம் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். எல்டன் ரிங்கில் தூக்கக்கூடிய எடையில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இலகுவான உருளல், 70-க்குக் கீழே நடுத்தரம், அதைத் தாண்டினால் மூட்டையை உருட்டின மாதிரி தொப்பென்று விழுந்து எழுவான், நூறையும் தாண்டினால் உருளவே மாட்டான். முதல் டார்க் சோல்ஸ் ஆடியவர்களுக்கு அங்கே இந்த எல்லை 25, 50 என்று இன்னும் கறாராக இருந்தது ஞாபகமிருக்கும். மெனுவில் இந்த எடை தெளிவாகவே எழுதியிருக்கிறது, ஆனால் இங்கிலீஷில், அத்தனை எண்களுக்கு நடுவில். எல்டன் ரிங்கை தாய்லாந்து மொழியில் ஆடலாம், தமிழில் முடியாது. நம்ம பையன்கள் பாதி விளக்கத்தைப் படிக்காமலேயே தாண்டிப்போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

லாக்-ஆன் பற்றி ஒரு வரி. எதிரிமேல் பார்வையைப் பூட்டிக்கொள்கிற இந்த வசதி 1998-இல் நின்டெண்டோவின் ஆக்கரினா ஆஃப் டைம் வழியாகப் பரவியது, மனுஷ உயரத்து எதிரிக்கு அருமையாக வேலை செய்யும். டிராகன் மாதிரி பெரிய உருவத்தோடு சண்டை என்றால் பூட்டை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கேமரா அதன் தலைக்குப் பின்னால் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் காலடியில் செத்துக்கிடப்பீர்கள்.

இவ்வளவும் ஆட்டத்தின் விதி. இனி, விதியே இல்லாமல் வெறும் மோசமான வேலையாக இருப்பவை. "ஆடத் தெரியாதவன் கன்ட்ரோலைக் குறை சொல்கிறான்" என்று ஆன்லைனில் யாராவது உபதேசம் செய்தால் நம்ப வேண்டாம், கன்ட்ரோலைக் குறை சொல்ல நியாயமான காரணம் பல தடவை இருந்திருக்கிறது. டார்க் சோல்ஸ் 2012-இல் பிசிக்கு வந்தபோது 30 எஃப்பிஎஸ்ஸை (வினாடிக்கு 30 படம்) தாண்டாது, உள்ளே 1024-க்கு 720 அளவில்தான் படத்தை வரைந்தது, மவுஸ் கன்ட்ரோல் படு மோசம், நீங்கள் கீபோர்டில் ஆடினாலும் திரையில் எக்ஸ்பாக்ஸ் பட்டன் படம்தான் காட்டும். துராந்தே என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் டிஎஸ்ஃபிக்ஸ் என்று ஒரு மாட் (வெளியாள் செய்யும் திருத்தம்) செய்து கொடுத்த பிறகுதான் படம் தெளிவானது. அதற்கும் முன்னால் 2001-இல் வந்த கோதிக் என்ற ஜெர்மன் ஆட்டம் இருக்கிறது, கதையும் ஊரும் அவ்வளவு அழகு, ஆனால் வாள் வீசக் கன்ட்ரோல் பட்டனைப் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளை அழுத்த வேண்டும். முன்னால் ஒரு வீச்சு, இடது வலது என்றால் வேறு வீச்சு. மவுஸ் வைத்து ஆடிப் பழகிய கைக்கு இது தண்டனை. இன்றைக்கும் அதை ஆசையாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் முதல் சில மணி நேரத்தைச் சகித்துக்கொண்டுதான் தாண்டியிருப்பார்கள்.

விச்சர் 3 என்ற ஆட்டத்தையே எடுங்கள். 2015 மே மாதம் வந்தபோது அதன் நாயகன் கெரால்ட் நடப்பது கப்பல் திரும்புகிற மாதிரி இருந்தது, நின்ற இடத்தில் திரும்பச் சொன்னால் அரை வட்டம் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஆடுகிறவர்கள் எல்லாரும் கத்தினார்கள், இரண்டே மாதத்தில் அப்டேட்டில் இன்னொரு நடை முறையைச் சேர்த்தார்கள். அது இன்றும் ஆப்ஷன்ஸில் 'ஆல்டர்னேட்டிவ்' என்ற பெயரில் கிடக்கிறது, தானாக ஆன் ஆகாது. விச்சர் ஆடி எரிச்சல்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதை மாற்றியிருக்கிறாயா என்றுதான்.

விச்சர் 3-இல் இன்னொரு வினோதம், இது தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கென்றே நேர்ந்துவிட்டது. கீபோர்டில் சட்டென்று விலகுவதற்கு ஆல்ட், பலமாக அடிக்க ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு கிளிக். சண்டை மும்முரத்தில் இரண்டும் சேர்ந்து விழும். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் என்ன? மொழி மாற்றும் குறுக்குவழி. தமிழ் 99 போட்டு வைத்திருக்கிற சிஸ்டத்தில் சண்டை நடுவில் கீபோர்டு தமிழுக்குப் போய்விடும். சில ஆட்டங்கள் எந்த இடத்து விசை என்று பார்க்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. சில ஆட்டங்கள் எந்த எழுத்து என்று பார்க்கும், அங்கே டபிள்யூ அழுத்தினால் ஆள் நகரமாட்டான். ஆபீஸ் வேலைக்கும் ஆட்டத்துக்கும் ஒரே சிஸ்டம் வைத்திருக்கிற வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன், வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மாற்றச் சொன்னவர்களும் உண்டு. கீபோர்டு செட்டிங்ஸில் போய் அந்தக் குறுக்குவழியை எடுத்துவிட்டால் போதும், தமிழுக்கு மாற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் எப்போதும் இருக்கவே இருக்கிறது. ஷிஃப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி குதித்து வருமே, அதையும் அப்படியே அணைத்து வையுங்கள். பாஸ் சண்டையின் உச்சத்தில் அது வந்து நிற்கிற அழகே தனி.

கீபோர்டே காரணமாக இருப்பதும் உண்டு என்றேன். ஆபீஸுக்கு வாங்குகிற விலை குறைந்த கீபோர்டுகளில் ஒவ்வொரு விசைக்கும் தனி வயர் கிடையாது, குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலை, அதில் எந்தக் கோடும் எந்தக் கோடும் தொட்டது என்று பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். இரண்டு விசை வரை குழப்பமில்லை. மூன்றாவது சேரும்போது சில கூட்டணிகளில் எது அழுத்தியது எது அழுத்தாதது என்று அதற்கே தெரியாது, தப்பாகச் சொல்வதற்குப் பதில் மூன்றாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். குறுக்கே ஓடிக்கொண்டே உருளுவது என்றால் டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் மூன்றும் ஒன்றாக வேண்டும். நோட்பேடைத் திறந்து முதல் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி மூன்றாவதைத் தட்டிப் பாருங்கள், இடைவெளி விழுந்தால் அந்தக் கூட்டணிக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் அடிக்கடி பயன்படுத்துகிற மற்றக் கூட்டணிகளையும் இப்படியே பார்த்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. விழாத கூட்டணி இருந்தால் கீபோர்டை மாற்ற வேண்டியதில்லை, அந்த வேலையை மவுஸின் பக்கவாட்டுப் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள்.

ஜாய்ஸ்டிக் வாங்குகிறவர்களுக்கு: எல்டன் ரிங் மாதிரி ஆட்டங்கள் கன்ட்ரோலருக்காகவே செய்தவை, கீபோர்டில் எட்டுத் திசைதான், ஸ்டிக்கில் எல்லாத் திசையும், எனவே வாங்குவது நல்லதுதான். ஆனால் மலிவாகக் கிடைக்கும் பிஎஸ்2 உருவத்து யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்குகளில் பல பழைய டைரக்ட்இன்புட் முறையில் பேசும், இன்றைய ஆட்டங்கள் எக்ஸ்இன்புட்டை எதிர்பார்க்கும். செருகினால் ஒன்றும் அசையாது, அல்லது கேமரா தானாகச் சுற்றும். ஆட்டம் வாங்குகிற ஸ்டீம் மென்பொருளிலேயே கன்ட்ரோலர் செட்டிங்ஸில் பட்டன்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொடாமலேயே ஆள் ஒரு பக்கமாக நகருகிறான் என்றால் ஸ்டிக்கின் உள்ளே தேய்மானம். குளச்சல், முட்டம் மாதிரி கடல் ஓரத்து வீடுகளில் உப்புக்காற்றுக்கு எந்த எலக்ட்ரானிக் சாமானும் சீக்கிரம் போகும், ஆடி முடித்ததும் மூடி வைப்பது நல்லது. ஸ்டிக் எவ்வளவு அசைந்தால் கணக்கில் எடுப்பது என்று சொல்கிற டெட்ஸோன் என்ற அளவு ஒன்று இருக்கும், அதைக் கொஞ்சம் கூட்டினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

அப்புறம் டிவி. ஹாலில் இருக்கிற பெரிய டிவியில் பிளேஸ்டேஷனை மாட்டி ஆடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டிவி தனக்கு வருகிற படத்தை அழகுபடுத்தித்தான் காட்டும், அதற்கு நேரம் பிடிக்கும், சில டிவிகளில் பத்தில் ஒரு வினாடிக்கு மேலேயே போகும். கண்ணுக்கும் விரலுக்கும் மொத்தமே கால் வினாடிதான் என்று மேலே சொன்னேனே, அதோடு இதைக் கூட்டிப் பாருங்கள். மார்கிட்டின் கோல் இறங்கத் தொடங்குவதை நீங்கள் பார்க்கும்போது ஆட்டத்துக்குள் அது பாதி இறங்கிவிட்டது. டிவி ரிமோட்டில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் இந்த அழகுபடுத்தல் நின்று படம் உடனே வரும். கலர் கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை. பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபாயம்: எல்டன் ரிங்கின் பிஎஸ்4 பதிப்பை பிஎஸ்5-இல் ஓட்டினால் எஃப்பிஎஸ் 60-க்குப் பக்கத்திலேயே நிலையாக நிற்கும், பிஎஸ்5 பதிப்பு அழகாக இருக்கும் ஆனால் ஏறி இறங்கும்.

லேப்டாப்பில் ஆடுகிறவர்கள் கரண்ட் போனால் கவனிக்க வேண்டும். நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, வருஷத்தில் இரண்டு மழைக்காலம், காற்றடித்தால் ஒரு தென்னை மட்டை போதும் லைனை இழுத்துப்போட. கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறும், மாறியதும் கிராபிக்ஸ் சிப்பின் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும், 60-இல் ஓடிய ஆட்டம் திடீரென்று 25-க்கு வரும். இன்வெர்ட்டர் லைனில் சார்ஜரைச் செருகி ஆடினால் இந்தத் தொல்லை இல்லை. டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் எல்டன் ரிங் ஆடுவது வேண்டாத வேலை, அது ஓயாமல் தானாக சேவ் செய்துகொண்டிருக்கும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைலே கெடலாம். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அதற்குள் எல்டன்ரிங் என்று ஒரு ஃபோல்டர், அதை அவ்வப்போது பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். இந்த ஆட்டத்துக்கு இடையில் நிறுத்திவைக்கிற பட்டனும் கிடையாது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால், ஏதாவது கிரேஸில் (இளைப்பாறுகிற ஒளிப்புள்ளி) போய் உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதுதான் பாதுகாப்பு.

எல்லாம் சரிசெய்த பிறகும் செத்துக்கொண்டிருந்தால்? அப்போது ஞாபகம் வர வேண்டியது, இது ரோல் பிளேயிங் ஆட்டம், சண்டையை எண்களும் தீர்மானிக்கின்றன. ஆட்டத்தின் தொடக்கப் பகுதியான லிம்கிரேவில் இறங்கியதும் தங்கக் கவசத்தில் குதிரைமேல் ஒருவன் நிற்பான், அவனிடம் போய் முட்டிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவன் அங்கே நிற்பதே "இப்போது வேண்டாம், சுற்றிப் போ" என்று சொல்லத்தான். கட்டாயம் கிடையாது. மார்கிட்டும் அப்படித்தான். தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுசாகக் கிடக்கிறது, அங்கே இருக்கிற தேவாலயங்களில் மருந்துக் குடுவையின் பலத்தைக் கூட்டுகிற கண்ணீர்த்துளி கிடைக்கும். எல்லே தேவாலயத்தில் ஒரு பட்டறைக் கல் இருக்கிறது, அங்கேயே வாளை பிளஸ் 3 வரை ஏற்றலாம். குதிரை கிடைத்த பிறகு அதே இடத்துக்கு இரவில் போனால் ரென்னா என்ற பெண் ஒரு மணியும் ஓநாய் ஆவிகளும் தருவாள், அவற்றை மார்கிட் சண்டையில் கூப்பிட்டால் அவன் ஓநாய்களைத் துரத்துகிற நேரத்தில் நீங்கள் மூச்சு விடலாம். லெவல் ஏற்றும்போது வாள் பலத்திலேயே எல்லாவற்றையும் போடாமல் விகர் என்கிற உயிர்பலத்தில் போடுங்கள். 40 வரை அதில் போடுகிற ஒவ்வொன்றுக்கும் நல்ல பலன் உண்டு, 60-க்கு மேல் வீண். ஒரே அடியில் சாகிறவனுக்கு எதையும் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது, மூன்று அடி தாங்குகிறவன் அந்தச் சண்டையில் மூன்று விஷயம் பார்ப்பான்.

ஆவியைக் கூப்பிடுவது ஏமாற்று வேலை, லெவல் ஏற்றிப் போவது கோழைத்தனம் என்று சொல்கிற ஒரு கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆட்டத்தைச் செய்தவர்களே உள்ளே வைத்துக் கொடுத்த வசதி அது. எல்டன் ரிங்கில் ஈஸி மோட் கிடையாது என்பார்கள், மெனுவில் கிடையாது, அவ்வளவுதான்; சுலபப்படுத்துகிற சாமான்களை ஊர் முழுக்க இறைத்து வைத்திருக்கிறார்கள். விச்சர் 3-இல் வெளிப்படையாகவே நாலு நிலை இருக்கிறது, மேலே உள்ள இரண்டில் தியானம் செய்தால் காயம் ஆறாது, கீழே உள்ள இரண்டில் ஆறும். கதைக்காக ஆடுகிறவர் மிகக் கீழ்நிலையில் போடுவதில் என்ன குறைச்சல்? விரலில் வாதம் இருக்கிறவருக்கும், வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவருக்கும் அந்த ஆட்டம் வேண்டும்தானே. உடனுக்குடன் அழுத்துகிற ஆட்டமே ஒத்துவரவில்லை என்றால் 2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 மாதிரி முறை வைத்து ஆடுவதைப் பாருங்கள், அங்கே உங்கள் முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம், பகடைதான் எரிச்சல்படுத்தும்.

கடைசியாக ஒன்று, ஸ்டீம் சேல் வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற டிஎல்சி (தனியாக வாங்குகிற கூடுதல் பகுதி) 2024 ஜூன் 21-ஆம் தேதி வந்தது. அதன் எதிரிகள் ரொம்பக் கடுமை என்று பழைய கைகளே புலம்பி, சில நாளிலேயே ஒரு அப்டேட்டில், உள்ளே கிடைக்கிற பலமேற்றும் துண்டுகளின் சக்தியை, குறிப்பாக ஆரம்பத்தில் கிடைப்பவற்றின் சக்தியை, கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ராடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் ஜெயித்த பிறகுதான் அதற்குள்ளேயே நுழைய முடியும். மார்கிட்டிடம் நிற்கிறவர்கள் தள்ளுபடியைப் பார்த்து மயங்கி அதை இப்போது வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல கீபோர்டு ஒன்று வரும்.